நல்லதங்காள் கதைய சபையில எப்படி படிக்கணும்?

வில்லிவாக்கத்துலேர்ந்து ஒரு வாசகி கேட்டிருக்காங்க: "எங்க கிளை நூலக வாசகர் வட்டத்துல நல்லதங்காள் கதைப்பாடல 20 நிமிஷம் உணர்ச்சியா படிக்கணும். வீட்ல படிச்சுப் பாத்தா ஸ்கூல் பாடம் ஒப்பிக்கற மாதிரி இருக்கு, ஒரே வரி திரும்பத் திரும்ப வேற வருது, அதெல்லாம் வெட்டிடலாமா?"

தயவுசெஞ்சு வெட்டாதீங்க. அந்த ரிப்பீட்டுதான் கதைப்பாடலுக்கு உசிரு. இதெல்லாம் காதால கேக்கறதுக்குன்னே கட்டினது, நம்ம சென்னை கொண்டித்தோப்புல இரத்தின நாயகர் அண்டு சன்ஸ் போட்ட 'பெரிய எழுத்து' கதை புக்கெல்லாம் கூட ஒருத்தர் உக்காந்து சத்தமா படிக்க சுத்தி இருக்கறவங்க கேட்டு கேட்டுதான் ஊரெல்லாம் பரவுச்சு. டைம் பத்தலன்னா கல்யாணம், சீர்வரிசைய எல்லாம் நீங்களே நாலு வாக்கியத்துல சொல்லிட்டு பஞ்சம் வந்து அவ அண்ணன் வீட்டுக்கு கிளம்பற எடத்துலேர்ந்து படிங்க.

கிணத்து சீன் எடுத்துக்கோங்க. நல்லதங்காள் தன்னோட ஏழு புள்ளைங்களயும் ஒவ்வொண்ணா கிணத்துல போடற எடம். மொத புள்ளைய போடறப்ப நிதானமா, ஒவ்வொரு சொல்லா படிங்க. அடுத்தடுத்த புள்ளைங்களுக்கு குரல ஏத்தவே ஏத்தாதீங்க, ஸ்பீட மட்டும் கொஞ்சம் கொஞ்சமா கூட்டிட்டே போங்க, இனிமே அவளால நிறுத்த முடியாதுன்னு சபைக்கு அதுலயே புரிஞ்சிடும். மூத்தவன் கெஞ்சற எடம் வந்ததும் டக்குனு நிறுத்துங்க. மனசுக்குள்ள மூணு எண்ணிட்டு, அவன் பேச்ச வீட்ல பேசற குரல்லயே மெதுவா சொல்லுங்க. நீங்க அழுதுடாதீங்க, தொண்டை அடைச்சா வார்த்தை முழுங்கிடும், அங்க ஒரு சொல்லு கூட தவறக் கூடாது.

நல்லதங்காளோட அண்ணி மூளி அலங்காரிக்கு கீச்சுக் குரல் வேணாம், கேக்கறவங்க சிரிச்சிடுவாங்க. வாக்கியத்த வெட்டி வெட்டி பேசினாலே அவ கல்நெஞ்சு தெரியும்.

ஒப்பிக்கற மாதிரி இருக்கறதுக்கு காரணம், வரி முடியற எடத்துல எல்லாம் நீங்க நிறுத்தறதுதான். அர்த்தம் எங்க முடியுதோ அங்க பென்சில்ல கோடு போட்டு அங்க மட்டும் மூச்சு விடுங்க. மைக்க வாய்க்கு நேரா வைக்காம நாலு விரல் தள்ளி லேசா சைடுல புடிங்க, இல்லன்னா 'ப' வர்றப்பல்லாம் டப்பு டப்புனு அடிக்கும்.

இன்னொண்ணு, வில்லுப்பாட்டுல பின்பாட்டுக்காரர் "ஆமா" போடுவார் பாருங்க, அது உங்களுக்கும் உதவும். ஃப்ரெண்ட் ஒருத்தர முன்வரிசையில உக்கார வச்சு முக்கியமான எடத்துல "ஆமா" போடச் சொல்லுங்க, உங்களுக்கு மூச்சு வாங்க நேரம் கெடைக்கும், சபையும் கூடவே சேந்துக்கும். ஆனா கிணத்து சீன்ல அவங்க வாயே தொறக்கக் கூடாதுன்னு முன்னாடியே சொல்லி வச்சிடுங்க.