மார்க்குக்கு முன்னால் ஒரு கேள்வி

கேள்வி: ஏழாம் வகுப்புக் கட்டுரை நோட்டுகளை வீட்டுக்குத் தூக்கிவந்து வரிவரியாகத் திருத்துகிறேன். பிள்ளைகள் மார்க்கை மட்டும் பார்த்துவிட்டு மூடிவைக்கிறார்கள். ஆசிரியர் படிக்கிறார் என்ற அக்கறையே அவர்களுக்கு இல்லையா?
– ஒரு தமிழாசிரியை, கோத்தகிரி

பதில்: அக்கறை நிறைய இருக்கிறது. நீங்கள் படித்தீர்கள் என்பதுதான் அவர்களுக்குத் தெரியவில்லை.

நவம்பர் மழையில் மண் சரிந்து, மேட்டுப்பாளையம் ரோட்டில் பஸ் நின்றுபோன நாளைப் பற்றி ஒரு பிள்ளை எழுதுகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 'சரிஞ்சு' என்பதை அடித்து 'சரிந்து' என்று எழுதுகிறீர்கள். இரண்டு ஒற்றுப்பிழைகளைச் சுழிக்கிறீர்கள். பத்துக்கு ஆறு. அன்று அவள் எப்படி வீடு போய்ச் சேர்ந்தாள் என்று கேட்கவே இல்லை. வீட்டில் நீலகிரியின் படுகு மொழி பேசிவிட்டுப் பள்ளியில் தமிழ் எழுதும் பிள்ளை என்றால் அந்தச் சிவப்பு மை இன்னும் உறைக்கும். அடுத்த முறை அவள் நோட்ஸைப் பார்த்து எழுதுவாள். வயலும் நெற்கதிரும் வரும். வீட்டுக்குப் பின்னாலிருக்கும் தேயிலைத் தோட்டம் வராது. பிழையும் இருக்காது, முழு மார்க்கும் கிடைக்கும். இதை அவளுக்குக் கற்றுக்கொடுத்தது நாம்தான்.

சரி, மார்க்குக்கு வருவோம். இஸ்ரேலில் ஐந்து, ஆறாம் வகுப்புப் பிள்ளைகளிடம் கல்வி உளவியலாளர் ரூத் பட்லர் நடத்திய ஆய்வு 1988-இல் வெளிவந்தது. சிலருக்குக் கருத்து மட்டும், சிலருக்கு மதிப்பெண் மட்டும், சிலருக்கு இரண்டும் கொடுத்தார். கருத்து மட்டும் பெற்றவர்கள்தான் ஆர்வம் குறையாமல் மேலே போனார்கள். இரண்டும் பெற்றவர்கள், மதிப்பெண் மட்டும் பெற்றவர்களைப் போலத்தான் இருந்தார்கள். அவர் கொடுத்தவை கட்டுரைகள் அல்ல, சிறு பயிற்சிகள். ஆனாலும் உங்கள் வகுப்பில் நடப்பதும் இதுவே: பக்கத்தில் எண் இருந்தால் கண் வேறெங்கும் போகாது.

நாற்பது நோட்டு பெரிய சுமை, மறுக்கவில்லை. அதனால்தான் சொல்கிறேன், எல்லாப் பிழையையும் திருத்தாதீர்கள். ஒரு கட்டுரைக்கு ஒருவகைப் பிழை போதும். மிச்சமாகும் நேரத்தில், அவள் சொன்ன விஷயத்தைப் பற்றி ஒரு கேள்வி எழுதுங்கள். 'பஸ் நின்ற பிறகு யாருடன் நடந்தாய்?' என்பது போல, பதில் தெரியாமல் நீங்கள் கேட்கும் கேள்வியாக இருக்கட்டும். பிள்ளைகளுக்கு அந்த வித்தியாசம் உடனே புரியும். வகுப்பிலேயே பத்து நிமிடம் கொடுத்துப் பதில் எழுதச் சொல்லுங்கள், அதையும் படியுங்கள். மார்க் அப்புறம். 2012-இல் முப்பருவ முறையோடு வந்த வளரறி மதிப்பீடு, அதாவது பருவத்தின் நடுவே வகுப்பாசிரியரே போடும் மதிப்பெண், உங்கள் கையில்தானே இருக்கிறது? பதிவேட்டில் அந்த எண் ஒரு வாரம் கழித்து ஏறட்டும்.