விளையாட்டுச் செய்தியாளர் ஆளுநரான கதை

கேள்வி: அமெரிக்க அரசியல்வாதி சாரா பேலின் முதலில் தொலைக்காட்சியில் விளையாட்டுச் செய்தி வழங்கியவராமே? அந்தப் புகழ்தான் அவரை அலாஸ்கா மாநில ஆளுநராக்கியதா?

பதில்: விளையாட்டுச் செய்தி வழங்கியது உண்மைதான். 1987-இல் ஐடஹோ பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்று, மறு ஆண்டே ஆங்கரேஜ் நகரத் தொலைக்காட்சியில் அந்தப் பணியைச் செய்தார். ஆனால் அது சில காலமே நீடித்தது. கேமராவின் முன் தடுமாறாமல் பேசும் பழக்கத்தை அது தந்திருக்கலாம். பதவியைத் தந்தது வேறொரு சண்டை.

வசில்லா என்னும் சிறு நகரில் 1992-இல் நகரமன்ற உறுப்பினராகவும் 1996-இல் மேயராகவும் தேர்வான அவரை, 2003-இல் அப்போதைய ஆளுநர் ஃபிராங்க் மர்கவ்ஸ்கி, எண்ணெய், எரிவாயு வளங்களைக் கண்காணிக்கும் மாநில ஆணையத்தில் அமர்த்தினார். அங்கே அவருடன் இருந்த ஓர் உறுப்பினர் மாநிலக் குடியரசுக் கட்சியின் தலைவரும்கூட. அரசு அலுவலகத்திலிருந்தே அவர் கட்சி வேலையையும் பார்க்கிறார் என்று பேலின் குற்றஞ்சாட்டினார். 2004 ஜனவரியில் ஆணையத்திலிருந்தே விலகினார். அந்த உறுப்பினர் பிறகு 12,000 டாலர் அபராதம் கட்ட நேர்ந்தது. சொந்தக் கட்சித் தலைவரையே தட்டிக் கேட்டவர் என்ற பெயரோடு ஆளுநர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் 2006 உட்கட்சித் தேர்தலில் இறங்கியவர், தமக்குப் பதவி கொடுத்த மர்கவ்ஸ்கியை மூன்றாம் இடத்துக்குத் தள்ளினார். நவம்பரில் வென்று, 42 வயதில் அலாஸ்காவின் முதல் பெண் ஆளுநரானார். (அங்கே ஆளுநர் என்பவர் மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பவர், முதலமைச்சருக்கு நிகரான அதிகாரம் உடையவர்.) எண்ணெய் நிறுவனங்களின் நிகர லாபத்தின் மீதான அடிப்படை வரியை 2007-இல் 22.5 சதவீதத்திலிருந்து 25 ஆக உயர்த்தியதுதான் அவர் ஆட்சியின் கனமான வேலை என்பேன்.

கேள்வி: இவரைப் போல வேறு எவரும் உண்டா?

பதில்: ரொனால்ட் ரீகன். 1930-களில் அயோவா மாநில வானொலியில், தந்தியில் வந்த சுருக்கக் குறிப்புகளைக் கையில் வைத்துக்கொண்டு, பார்க்காத பேஸ்பால் ஆட்டத்தைப் பார்ப்பது போலவே வர்ணித்தவர். 1967 முதல் 1975 வரை கலிஃபோர்னியாவின் ஆளுநர். ஆனால் இடையில் திரைப்படம் வந்துவிட்டது. வாக்காளர்கள் அறிந்திருந்தது நடிகர் ரீகனைத்தான்.

கேள்வி: அப்படியானால் பேலினின் அரசியலில் விளையாட்டுக்கு இடமே இல்லையா?

பதில்: விலகும்போது வந்தது. 1982-இல் மாநிலக் கோப்பையை வென்ற பள்ளிக் கூடைப்பந்து அணியில் ஆடியவர் அவர். தம்மீது குவிந்த நெறிமுறைப் புகார்களால் நேரமும் பணமும் வீணாவதாகக் கூறி, 2009 ஜூலை 3 அன்று பதவி விலகலை அறிவித்தபோது, அணி வெல்வதற்காகப் பந்தை எப்போது அடுத்தவருக்குக் கடத்த வேண்டும் என்று நல்ல ஆட்டக்காரருக்குத் தெரியும் என்றார். பதவிக்காலம் முடிய ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு இருந்தது. கூடைப்பந்தில் பந்தைக் கடத்தியவர் களத்திலேயே நின்று அடுத்த வாய்ப்புக்காக ஓடிக்கொண்டிருப்பார். விளையாட்டுச் செய்தியாளராக இருந்தவருக்கு இது தெரியாமலா இருந்திருக்கும்?