எத்தனை மைக், எத்தனை துளை? ஆடியோ இன்டர்ஃபேஸ் கேள்வி பதில்

வீட்டில் ரெக்கார்டிங் செய்பவர்கள் பல சேனல் இன்டர்ஃபேஸ் (மைக்கையும் கணினியையும் இணைக்கும் பெட்டி) வாங்கும் முன் என்ன வேண்டுமானாலும் கேட்கலாம். ஒரே நிபந்தனை: ஒரே நேரத்தில் எத்தனை மைக் வைக்கப்போகிறீர்கள் என்பதைச் சொல்லிவிட்டுக் கேளுங்கள். அது தெரியாமல் நான் சொல்லும் எதுவும் குத்துமதிப்புதான்.

வீட்டு ட்ரம்மர்: அண்ணா, பெட்டியில் 18 இன், 20 அவுட்னு போட்டிருக்கு. அப்போ 18 மைக் செருகலாம்தானே?

முடியாது தம்பி. அந்த 18ஐ உடைத்துப் பாருங்கள். பெரும்பாலும் 8 அனலாக் இன்புட், ஏடாட் என்ற ஆப்டிகல் (ஒளிக் கேபிள்) டிஜிட்டல் துளை வழியாக 8, எஸ்பிடிஃப் என்ற இன்னொரு டிஜிட்டல் துளை வழியாக 2. மைக்கை நேராகச் செருக முடிவது முதல் எட்டில் மட்டும். அதிலும் சில பெட்டிகளில் நான்குக்குத்தான் மைக் ப்ரீ (மைக்கின் மெல்லிய சிக்னலைப் பெருக்கும் ப்ரீஆம்ப்) இருக்கும், மீதி நான்கு கீபோர்டு போன்ற உரத்த சிக்னலுக்கான வெறும் லைன் இன்புட். முன்பக்கம், பின்பக்கம் இரண்டின் படத்தையும் பெரிதாக்கி, எக்ஸ்எல்ஆர் துளைகளை (மைக் கேபிளின் மூன்று ஊசி முனை செருகும் இடம்) விரல்விட்டு எண்ணுங்கள். விளம்பர எண்ணைவிட அந்த எண்ணிக்கை நம்பகமானது.

உங்கள் கணக்கைப் போடுவோம். கிக், ஸ்னேர் மேலே, ஸ்னேர் கீழே, ஹை-ஹாட், இரண்டு டாம், இரண்டு ஓவர்ஹெட். எட்டும் முடிந்தது. கூடவே ஒருவர் பாஸ் வாசித்தால் அவருக்கு இடமில்லை. அதனால் ட்ரம்மருக்கு நான் சொல்வது, 8 மைக் ப்ரீயோடு ஏடாட் இன்புட்டும் உள்ள பெட்டி. பிறகு தேவைப்படும்போது ஒரு 8 சேனல் ப்ரீஆம்ப் வாங்கி ஒரே ஆப்டிகல் கேபிளில் இணைத்தால் 16 ஆகிவிடும். ஏடாட் என்பது 1990களின் தொடக்கத்தில் அலெசிஸ் கொண்டுவந்த டிஜிட்டல் டேப் மெஷினின் பெயர். வீடியோ கேசட்டில் எட்டு ட்ராக் பதியும். மெஷின் மறைந்துவிட்டது, அதன் துளை மட்டும் இன்றைக்கும் புதுப் பெட்டிகளில் உட்கார்ந்திருக்கிறது.

இணைத்த பிறகு ஒன்றை மறக்காதீர்கள்: இரண்டு பெட்டிகளில் ஒன்றுதான் கிளாக் (ஒலியை அளக்கும் வேகத்தை நிர்ணயிக்கும் துடிப்பு) கொடுக்க வேண்டும், மற்றது அதைப் பின்பற்ற வேண்டும். ப்ரீஆம்பிலிருந்து ஒரு கேபிள் மட்டும் வருகிறதென்றால், இன்டர்ஃபேஸின் செட்டிங்கில் கிளாக் சோர்ஸை ஏடாட் என்று மாற்றுங்கள். இரண்டும் தன் கிளாக்கிலேயே ஓடினால் என்ன ஆகும்? பத்து லட்சத்தில் 10 பங்கு வித்தியாசம் இருந்தால்கூட, 48 கிலோஹெர்ட்ஸில் (விநாடிக்கு 48,000 சாம்பிள், அதாவது ஒலியின் அளவீடுகள்) ஏறக்குறைய இரண்டு விநாடிக்கு ஒரு சாம்பிள் சறுக்கும். முழுக் கிட் வாசிக்கும்போது காதில் படாது. பாட்டு முடிந்து சிம்பல் அடங்கும் நேரத்தில் 'டிக்... டிக்...' என்று கேட்கும். மைக் கேபிளைத்தான் எல்லோரும் முதலில் சந்தேகப்படுவார்கள்.

ஒற்றை மைக்: நான் மட்டும்தான் பாடி, கிட்டார் வாசிக்கிறேன். பின்னாடி உதவும்னு 8 சேனல் எடுத்து வைக்கலாமா?

வேண்டாம். 2 போதும். மிச்சப் பணத்தை ஹெட்போனில் போடுங்கள்.

இரவுப்பாடகர்: பாடும்போது என் குரல் ஹெட்போனில் கொஞ்சம் தாமதமா கேக்குது. விலை கூடின இன்டர்ஃபேஸ் வாங்கினா சரியாகுமா?

முதலில் பஃபரைப் பாருங்கள், அதாவது கணினி ஒரு தடவைக்கு எத்தனை சாம்பிளைச் சேர்த்து வைத்துக் கையாள்கிறது என்பதை. 48 கிலோஹெர்ட்ஸில் 128 சாம்பிள் என்றால் 2.7 மில்லிசெகண்ட். உள்ளே வர ஒரு முறை, வெளியே போக ஒரு முறை. அதோடு கன்வெர்ட்டரும் டிரைவரும் தம் பங்கைச் சேர்க்கும். 10 மில்லிசெகண்ட் என்பது மூன்றரை மீட்டர் தள்ளி வைத்த ஸ்பீக்கரைக் கேட்பது போல. கிட்டார்காரர் பொறுத்துக்கொள்வார். பாடகரால் முடியாது, ஏனென்றால் அவர் குரல் எலும்பு வழியாக உடனே காதுக்கு வந்துவிடுகிறது. தாமதமாக வரும் குரல் அதோடு மோதிச் சத்தம் குழாய்க்குள் இருந்து வருவது போல் ஆகும்.

இதற்குப் புதுப் பெட்டி வாங்க வேண்டியதில்லை. டைரக்ட் மானிட்டரை ஆன் செய்து, மென்பொருளில் அந்த ட்ராக்கின் மானிட்டரிங்கை நிறுத்துங்கள். கணினியைச் சுற்றாமல் குரல் நேராக ஹெட்போனுக்கு வரும். பல சேனல் பெட்டி வாங்குபவர்கள் கவனிக்க வேண்டியது, உள்ளேயே மிக்ஸர் இருக்கிறதா, இரண்டு ஹெட்போனுக்கு இரண்டு தனித்தனி மிக்ஸ் கொடுக்க முடிகிறதா என்பது. இரண்டு ஹெட்போன் துளை இருந்தும் இரண்டிலும் ஒரே மிக்ஸ் வரும் பெட்டிகள் உண்டு. ட்ரம்மருக்கு கிளிக் (தாளம் காட்டும் 'டக் டக்') உரக்க வேண்டும், பாடகருக்கு அது எரிச்சல்.

மிக்ஸர் வைத்திருப்பவர்: என் 12 சேனல் மிக்ஸரில் யுஎஸ்பி இருக்கு. ஆனா கணினியில் 2 ட்ராக்தான் வருது. டிரைவர் கோளாறா?

கோளாறில்லை, அது அப்படித்தான். பல மிக்ஸர்கள் எல்லாவற்றையும் கலந்து இரண்டு சேனலாகத்தான் அனுப்பும். மல்டிட்ராக் யுஎஸ்பி என்று தெளிவாக எழுதியிருந்தால்தான் தனித்தனியாக வரும்.

இரட்டைப் பெட்டி: ரெண்டு சின்ன இன்டர்ஃபேஸை ஒண்ணா சேர்த்து 4 சேனலாக்க முடியுமா?

மேக்கில் இரண்டையும் ஒன்றாகக் காட்டும் அக்ரிகேட் டிவைஸ் என்று ஒன்று உருவாக்கலாம், கிளாக் சறுக்கலைச் சரிசெய்யும் ட்ரிஃப்ட் கரெக்ஷனை டிக் செய்யுங்கள். விண்டோஸில் ஏஎஸ்ஐஓ (ரெக்கார்டிங் மென்பொருள் இன்டர்ஃபேஸோடு பேசும் வழி) பொதுவாக ஒரு நேரத்தில் ஒரு டிரைவரோடுதான் பேசும். வேலை முடியும், நிம்மதி இருக்காது. இரண்டையும் விற்றுவிட்டு ஒரே பெட்டி வாங்குங்கள்.

புதியவர்: எந்த மாடல் பெஸ்ட் சார்?

தொடக்கத்தில் சொன்ன நிபந்தனைதான்: எத்தனை மைக்?

96 கட்சி: நீங்க 48 கிலோஹெர்ட்ஸிலேயே கணக்குப் போடுறீங்க. இந்தக் காலத்தில் 96க்குக் கீழே யாராவது ரெக்கார்ட் பண்ணுவாங்களா?

நான் பண்ணுவேன். 48 கிலோஹெர்ட்ஸ் 24 கிலோஹெர்ட்ஸ் வரையிலான ஒலியைப் பிடிக்கும். மனிதக் காது நல்ல இளமையில் 20 வரை கேட்கும். மிச்சத்தை யாருக்காகச் சேமிக்கிறீர்கள், வௌவாலுக்கா?

96 கட்சி: கிண்டல் வேண்டாம். அதே பஃபரில் 96 வைத்தால் லேட்டன்சி, அதாவது அந்தத் தாமதம், பாதியாகுது. டிஸ்டார்ஷன் ப்ளக்-இன் போட்டால் அலியாசிங்கும் (அசலில் இல்லாத போலி ஒலி) குறையுது. இதை ஏன் சொல்லவில்லை?

இரண்டும் சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பாதி லேட்டன்சிக்குக் கணினி இரு மடங்கு உழைக்க வேண்டும். அந்த உழைப்பைத் தாங்கும் கணினியில் 48லேயே பஃபரை 64 ஆக்கலாம். அலியாசிங்குக்கு ஓவர்சாம்ப்ளிங் (உள்ளே மட்டும் சாம்பிள் வேகத்தைக் கூட்டிக் கணக்கிடுவது) ப்ளக்-இன்னிலேயே இருக்கிறது. சத்தத்தை எடுத்து இரண்டு மடங்கு மெதுவாக்கி விளையாடுபவர் என்றால் 96 வையுங்கள், நானே சொல்வேன். டிஸ்க்கையும் பாருங்கள்: 24 பிட், 48, 16 ட்ராக், ஒரு மணி நேரம் என்றால் 8 ஜிபிக்குச் சற்று மேல். 96 என்றால் 16க்கு மேல்.

96 கட்சி: டிஸ்க் ஒரு பிரச்சினையா இப்போ?

டிஸ்க் போகட்டும். இது பல சேனல் பற்றிய பேச்சு, நீங்கள் மறந்த ஒன்று இருக்கிறது. ஏடாட் கேபிள் 48 வரை எட்டு சேனல் தூக்கும். 96இல் நான்குதான். 192இல் இரண்டு. எனக்கு நடந்தது: எட்டு மைக் பெட்டியில், எட்டு ப்ரீஆம்பில். யாரோ ஆசைப்பட்டார்கள் என்று 96க்கு மாற்றினேன். 13 முதல் 16 வரை மீட்டரே அசையவில்லை. இரண்டு டாமும் இரண்டு ரூம் மைக்கும் போயே போச்சு. மைக்கை மாற்றி, கேபிளை மாற்றி அரை மணி நேரம் கழித்துத்தான் உறைத்தது. ட்ரம்மர் அதற்குள் குச்சியைக் கீழே வைத்துவிட்டு போன் பார்த்துக்கொண்டிருந்தார்.

96 கட்சி: இரண்டு ஏடாட் துளை உள்ள பெட்டி வாங்கினால் 96இலும் எட்டு வருமே.

வரும், அனுப்பும் ப்ரீஆம்பிலும் இரண்டு ஆப்டிகல் அவுட் இருந்தால். அதைச் சரிபார்த்து வாங்குங்கள். உங்கள் காசு, உங்கள் 96.

பாஸ்காரர்: பாஸை நேரா செருகினா சத்தம் மந்தமா இருக்கு.

இன்ஸ்ட்ருமென்ட் பட்டனை அழுத்துங்கள். கிட்டார் பிக்கப்புக்கு 1 மெகாஓம் அளவு இன்புட் வேண்டும், லைன் இன்புட் அதைவிட மிகக் குறைவு. பல பெட்டிகளில் முதல் இரண்டு சேனலுக்கு மட்டுமே இந்த வசதி.

ரிப்பன் ரசிகர்: கண்டென்சரும் பழைய ரிப்பன் மைக்கும் சேர்த்து வைக்கணும். ஃபாண்டம் பவர் (கண்டென்சருக்கு மைக் கேபிள் வழியா போற 48 வோல்ட்) நாலு சேனலுக்கு ஒரே சுவிட்ச். ஆபத்தா?

ரிப்பனை மற்ற நான்கின் பக்கம் மாற்றுங்கள், அங்கே 48 வோல்ட்டை அணைத்தே வையுங்கள். கேபிள் சரியாக இருந்தால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. ஷார்ட் ஆன ஒரு கேபிள் போதும், மைக்குக்குள் இருக்கும் மெல்லிய உலோக ரிப்பன் இழுபட்டுப் போக. எல்லோருக்கும்: ஃபாண்டம் போடும் முன் கெயினையும் ஸ்பீக்கரையும் இறக்குங்கள்.

அறைக்காரர்: சேனல் எல்லாம் சரி, அறையில் எதிரொலி. எந்த இன்டர்ஃபேஸ் குறைக்கும்?

எதுவும் குறைக்காது. அறை ஒலியமைப்பு தெரிந்தவரைக் கேளுங்கள்.

இன்னொரு புதியவர்: பட்ஜெட்டுக்குள் நல்ல 8 சேனல் மாடல் ஒண்ணு சொல்லுங்க சார்.

எத்தனை மைக்? ஒரே நேரத்தில்?

இன்னொரு புதியவர்: இப்போதைக்கு ஒண்ணு.

ஒற்றை மைக் நண்பருக்குச் சொன்னதுதான் உங்களுக்கும்.

வீட்டு ட்ரம்மர்: அண்ணா, ப்ரீஆம்ப் வந்தாச்சு. கிளாக்கும் மாத்திட்டேன். ஆனா ஏடாட்டில் ஒண்ணுமே வரல. டிவிக்கு வாங்கின ஆப்டிகல் கேபிள்தான் போட்டேன். அது ஆகாதா?

ஆகும், அதே டாஸ்லிங்க் கேபிள்தான். 5 மீட்டருக்குள் இருக்கட்டும், சுருக்கென்று மடிக்காதீர்கள். ப்ரீஆம்பின் அவுட்டிலிருந்து இன்டர்ஃபேஸின் இன்னுக்குப் போகிறதா பாருங்கள். கேபிளின் இரு முனையிலும் சின்னதாக ஒரு பிளாஸ்டிக் மூடி இருக்கும், இரண்டையும் கழற்றிவிட்டீர்களா?

வீட்டு ட்ரம்மர்: ஒண்ணைத்தான் கழற்றினேன்.