பழைய ஆர்ட் எக்ஸிபிஷன் போஸ்டர் ஒரிஜினலா ரீப்ரிண்டான்னு எப்படி கண்டுபிடிக்கறது?

ஆன்லைன்ல ஒரு 70கள் போஸ்டர், டேவிட் ஹாக்னிங்கற இங்கிலாந்து ஓவியர் வரைஞ்ச முகம் போட்டது, வாங்கலாமான்னு கேட்டிருக்கீங்க. இந்தப் பைத்தியம் எனக்கும் உண்டுங்க. லண்டன்ல இருந்தப்போ டேட் மியூசியத்துல அவரோட 'மிஸ்டர் அண்ட் மிஸஸ் கிளார்க் அண்ட் பெர்சி' ஓவியம் முன்னாடி போய் நின்னேன், அன்னிக்குப் பிடிச்சது (அதுல மடியில உக்காந்திருக்கற பூனை பெர்சியே இல்ல, அது பிளான்ச், டைட்டிலுக்கு பெர்சிதான் எடுப்பா இருக்குன்னு அந்தப் பேரைப் போட்டுட்டாராம்). அவர் படம் ஒண்ணு 2018ல கிறிஸ்டீஸ் ஏலத்துல 9 கோடி டாலருக்கு மேல போச்சு, அதனால நம்ம பர்ஸுக்கு போஸ்டர்தான்.

மொத தடவை நல்லா ஏமாந்தேன். பழுப்பேறின பேப்பர், மடிச்ச கோடு, எல்லாம் பக்காவா இருந்துச்சு, வீட்டுக்கு வந்து நகைக்கடைல கல்லு பாக்கற மாதிரி ஒரு லென்ஸ் வச்சு பாத்தாதான் குட்டு வெளிப்பட்டுச்சு. எப்படின்னா, ஆஃப்செட்ல, அதாவது புக்கு, காலண்டர் எல்லாம் அடிக்கற சாதாரண பிரஸ் முறைல அடிச்ச போஸ்டர்ல முகத்துக்கு மேல லென்ஸ் வச்சா புள்ளிக்கோலம் மாதிரி கலர் கலரா புள்ளி தெரியும், அது தப்பில்ல, அந்தக் காலத்துலயே ஆஃப்செட் சர்வசாதாரணம், புள்ளி இருந்தாலே டூப்ளிகேட்டுனு சொல்றவங்க பேச்சைக் கேக்காதீங்க. பாக்க வேண்டியது கீழ இருக்கற எழுத்தை. ஒரிஜினல்ல கேலரி பேரு, தேதி எல்லாம் பெரும்பாலும் ஒரே மையில கெட்டியா, ஓரம் சுத்தமா இருக்கும். போஸ்டரை ஸ்கேன் பண்ணி திரும்ப அடிச்சா எழுத்தும் புள்ளியா உடைஞ்சு, ஓரம் பிசிறடிச்சு கெடக்கும். என்னோடதுல தேதியோட 7 அப்படியே கம்பளிப்பூச்சி மாதிரி இருந்துச்சு.

பாரிஸ்ல மூர்லோன்னு பேர் போன அச்சுப் பட்டறைல அடிச்ச லித்தோகிராஃப் (கல்லுல வரைஞ்சு அதுலேர்ந்து அச்செடுக்கறது) மாதிரி ஏதாவது மாட்டினா அது வேற கதை, அதுல வரிசையா புள்ளியே இருக்காது, கிரேயான்ல தேய்ச்ச மாதிரி சொரசொரப்பு தெரியும், விலையும் அதுக்கேத்த மாதிரிதான்.

அப்புறம் 'சைன்டு' னு போட்டிருந்தா பென்சில்லயான்னு கேளுங்க. படத்தோட சேர்ந்து அச்சான கையெழுத்தைக் காட்டியே டபுள் ரேட் கேப்பாங்க.

வாங்கின பிறகு நான் பண்ணின முட்டாள்தனம் தனி. ரெண்டாவதா கிடைச்சது அசல் ஒரிஜினல், ஃப்ரேம் போடற கடைல குடுத்தா அவர் போர்டுல கோந்து தடவி பளபளன்னு ஒட்டியே குடுத்துட்டாரு, சுருக்கம் வராதாம் சார்! கலெக்டருங்க யாரும் இனி அதைத் தொட மாட்டாங்க. ஒட்டக்கூடாது, ஆசிட் இல்லாத அட்டைல மேல் ஓரத்தை மட்டும் பிடிச்சு நிறுத்தணும்னு முன்னாடியே சொல்லிடுங்க. வெயில் படற சுவர் வேணவே வேணாம், மஞ்சளும் சிவப்பும்தான் மொதல்ல வெளுக்கும், நம்மூர் சலூன் கண்ணாடில ஒட்டியிருக்கற ஹேர்ஸ்டைல் படத்துல எல்லார் மூஞ்சியும் நீலமா இருக்குமே, அதே கதிதான்.

இப்போதைக்கு போஸ்டர் விக்கற அந்த ஆள்கிட்ட எழுத்து இருக்கற இடத்தை மட்டும் குளோசப்ல ஒரு போட்டோ கேளுங்க, மழுப்பினா விட்டுடுங்க.