ஸ்லிப்பில் எதைக் கலப்பது, எதைக் கொட்டுவது

பிளாஸ்டர் அச்சில் ஊற்றிக் கப்பும் பொம்மையும் செய்கிற பெங்களூர்வாசிகள் இந்த முறை ஒரே விஷயத்தைக் கேட்டு எழுதியிருக்கிறார்கள்: டிஃப்ளாக்குலன்ட். தண்ணீரைக் கூட்டாமலே களிக்குழம்பை, அதாவது ஸ்லிப்பை, ஊற்றுகிற பதத்துக்குக் கொண்டுவரும் சரக்கு. கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

கே: மாடியில் சின்ன ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். சோடியம் சிலிக்கேட் மலிவு, டார்வன் விலை கூட. எது வாங்கலாம்?
*– வாசகி, கம்மனஹள்ளி*

அச்சுகளுக்கு எவ்வளவு செலவழித்தீர்கள்? கணக்கை அங்கிருந்து போடுங்கள். சிலிக்கேட் பிளாஸ்டரோடு வினைபுரிந்து அச்சின் உள்முகத்தில் ஒரு தோல் படியவைக்கும், வெள்ளை உப்பு பூக்கும். அச்சு தண்ணீர் குடிப்பது நாளாக ஆகக் குறையும். டார்வன் 7, 811 போன்ற பாலிமர்களில் இந்தத் தொல்லை குறைவு. அளவு கொஞ்சம் முன்னே பின்னே போனாலும் பொறுத்துக்கொள்ளும். எதை வாங்கினாலும் காய்ந்த மண்ணின் எடையில் 0.2 முதல் 0.5 சதவீதம்தான். பத்துக் கிலோவுக்கு 20 முதல் 50 கிராம். இந்த அளவில் விலை வித்தியாசம் உங்களை ஒன்றும் செய்யாது, டார்வனே வாங்குங்கள்.

கே: டிஃப்ளாக்குலன்டாகப் போடுகிற சோடா ஆஷ் (சோடியம் கார்பனேட்) கிடைக்கவில்லை. சமையல் சோடா போடலாமா?
*– வாசகர், ஒயிட்ஃபீல்டு*

கூடாது. அதை ஆப்பத்துக்குப் போடுங்கள்.

கே: தள்ளுபடி என்றார்கள், ஐந்து லிட்டர் டிஃப்ளாக்குலன்ட் வாங்கிவிட்டேன். ஸ்லிப் கெட்டியாக இருக்கிறதே என்று ஊற்றிக்கொண்டே போனேன், இன்னும் கெட்டியாகிவிட்டது. போலிச் சரக்கா?
*– வாசகர், பீன்யா*

அளந்தீர்களா? கடிதத்தில் ஓர் எண்கூட இல்லை. எல்லை தாண்டினால் இந்தச் சரக்கே ஸ்லிப்பைத் திரும்பக் கெட்டியாக்கும். அதே மண்ணை வெறும் தண்ணீரில் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக இதில் சேருங்கள், இளகிவிடும். அப்புறம், ஐந்து லிட்டர் என்பது ஒரு டன் மண்ணுக்கு மேலேயே வரும். அவ்வளவு மண் இருக்கிறதா உங்களிடம்?

கே: அடர்த்தி பார்க்க ஹைட்ரோமீட்டர் வாங்கலாமா?
*– வாசகி, விவேக் நகர்*

வேண்டாம். நான் வாங்கியது, ஸ்லிப்பில் எந்த ஆழத்தில் விட்டாலும் அங்கேயே நின்றது. இப்போது பேனா ஸ்டாண்டில் கிடக்கிறது. 100 மில்லி ஸ்லிப்பை அளந்து தராசில் வையுங்கள். 175 முதல் 180 கிராம் இருந்தால் சரி. 165 என்றால் தண்ணீர் கூடிவிட்டது, டிஃப்ளாக்குலன்டால் அதைச் சரிசெய்ய முடியாது.

கே: டார்வன் 7 என்று ஆன்லைனில் ஒரு லிட்டர் வாங்கினேன். பாட்டிலில் கையால் எழுதிய ஸ்டிக்கர் மட்டும். 0.3, 0.4, 0.5 சதவீதம் என்று ஏற்றிப் பார்த்தும் ஸ்லிப் இளகவில்லை. பணம் திருப்பித் தர மாட்டார்களாம், எனக்குக் கலக்கத் தெரியவில்லையாம்.
*– வாசகி, அல்சூர்*

சதவீதம் சதவீதமாக ஏற்றிப் பார்த்த உங்களுக்கா கலக்கத் தெரியாது? விடாதீர்கள் அம்மா.

முதலில் சாட்சி. டார்வன் 7-இல் கால்வாசிதான் சரக்கு, மீதி தண்ணீர். சமையலுக்கு எடுக்காத எவர்சில்வர் கிண்ணத்தில் பத்து கிராம் ஊற்றி, கொதிக்கும் வெந்நீர்ச் சட்டியின் மேல் வைத்து முழுக்கக் காயவிடுங்கள். இரண்டரை கிராம் அளவுக்கு மிஞ்ச வேண்டும். ஒரு கிராம்தான் என்றால் தண்ணீர் ஊற்றி விற்றிருக்கிறார்கள். தராசோடு படம் எடுத்து வையுங்கள்.

பெரிய கேனிலிருந்து குட்டிப் பாட்டிலுக்கு மாற்றி விற்கிறவர்களோடு எனக்குப் பழைய பகை. அடைத்து விற்றால் அடைத்தவர் பெயர், முகவரி, நிகர அளவு, மாதம், வருடம், அதிகபட்ச விலை எல்லாம் போடவேண்டும் என்று 2011-ஆம் ஆண்டின் எடையளவு விதிகள் சொல்கின்றன. யார் போடுகிறார்கள்? சோடியம் சிலிக்கேட்டில் நியூட்ரல், அல்கலைன் என்று ரகம் உண்டு. அமெரிக்கச் செய்முறைகள் பெரும்பாலும் சிலிக்காவுக்கும் சோடாவுக்கும் எடை விகிதம் 3.22 உள்ள சரக்கை மனதில் வைத்து எழுதியவை. இங்கே சோப்புக்குப் போகிற சரக்கை ஊற்றிக் கொடுத்துவிட்டு, “எல்லாம் ஒண்ணுதான் சார்” என்பார்கள். எனக்கு ஒருவர் விற்ற சோடா ஆஷ், ஈரம் குடித்துச் சுத்தியலால் உடைக்கிற பதத்தில் இருந்தது. பையில் தேதியும் இல்லை, ஊரும் இல்லை.

சரி, உங்கள் வழக்கு. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசிப் புகார் பதியுங்கள். “தொழிலுக்கு வாங்கியது, நுகர்வோர் சட்டம் செல்லாது” என்று மிரட்டுவார்கள். சொந்த உழைப்பில் பிழைக்க வாங்கியவரும் நுகர்வோர்தான் என்கிறது 2019 சட்டம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த விலை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. இரண்டு வருடத்துக்குள் போடவேண்டும். பாட்டிலைக் கழுவிவிடாதீர்கள்.

கே: எங்கள் ஏரியாவில் காவிரி இல்லை, போர் தண்ணீர்தான். ஸ்லிப் வாரத்துக்கு ஒரு மாதிரி வருகிறது. வேறு டிஃப்ளாக்குலன்ட் வாங்கவா?
*– வாசகர், வர்த்தூர்*

தண்ணீரை மாற்றிப் பாருங்கள். டிஃப்ளாக்குலன்ட் போட்டு நீங்கள் பிரித்துவிடுகிற மண் துகள்களைப் போர் தண்ணீரின் கால்சியமும் மெக்னீசியமும் திரும்பச் சேர்த்துவிடும். ஆர்.ஓ. தண்ணீரில் ஒரு லிட்டர் கலக்கி ஒப்பிடுங்கள். பழைய களிமண் துண்டுகளைக் கரைக்கும்போது பிளாஸ்டர் துணுக்கு விழுந்தாலும் இதே கூத்துதான்.

கே: பழைய புத்தகத்தில் கால்கான் போடச் சொல்கிறது. எந்தக் கடையில்?
*– வாசகி, ஃபிரேசர் டவுன்*

அந்தக் காலக் கால்கானில் சோடியம் ஹெக்ஸாமெட்டாஃபாஸ்பேட் இருந்தது, இன்றைய வாஷிங் மெஷின் பாக்கெட்டில் இல்லை. கெமிக்கல் கடையில் அந்த முழுப்பெயரைச் சொல்லிக் கேளுங்கள். கலந்த ஸ்லிப்பில் நாளாக நாளாக அதன் பலம் குறையும், அந்த வாரத்திலேயே ஊற்றி முடியுங்கள்.