குளிர்காலத்தில் சைக்கிள் பஞ்சர்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: கோடையில் மாதக்கணக்கில் பஞ்சர் இல்லாமல் ஓடிய அதே சைக்கிள், அதே டயர், அதே சாலை. குளிர்காலம் தொடங்கியதும் அடுத்தடுத்துப் பஞ்சர் ஆகிறது. குளிரில் ரப்பர் இறுகி வெடிப்பு விடுவதுதான் காரணமா?

பதில்: இல்லை. சைக்கிள் டயரின் ரப்பர் குளிரில் சற்று விறைக்குமே தவிர, அந்த விறைப்பால் மட்டும் ஓட்டை விழுவதில்லை. முக்கியமான காரணம் ஈரம். நனைந்த ரப்பரைக் கூரிய பொருள் வெகு எளிதாக வெட்டிவிடும். நம்பச் சிரமமாக இருந்தால், வீணான டியூப் ஒன்றை எடுத்து, காய்ந்த நிலையில் ஒரு முறையும் தண்ணீர் தடவி ஒரு முறையும் பிளேடால் கீறிப் பாருங்கள். காய்ந்த ரப்பர் பிளேடைப் பிடித்து இழுக்கும். நனைந்த ரப்பரில் பிளேடு வழுக்கிக்கொண்டு உள்ளே இறங்கும். வறண்ட சாலையில் டயர் ஒதுக்கித் தள்ளிவிட்டுப் போகும் கண்ணாடிச் சில்லு, ஈரச் சாலையில் டயரோடு ஒட்டிக்கொண்டு, சக்கரத்தின் ஒவ்வொரு சுற்றிலும் உங்கள் எடையால் அழுத்தப்பட்டு, கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போகிறது. இன்று குத்திய சில்லு பல நாள் கழித்து டியூபைத் தொடுவதும் உண்டு. அதனால்தான் எங்கே, எப்போது குத்தியது என்று பலராலும் சொல்ல முடிவதில்லை.

இதோடு, வழுக்காமல் இருப்பதற்காகச் சாலையில் கொட்டப்படும் கூரான சரளையும், மழையிலும் பனி உருகலிலும் அடித்து வரப்படும் குப்பையும் சாலையோரத்தில் சேர்கின்றன. சைக்கிளில் போகிறவர் ஓட்டுவதும் அந்த ஓரத்தில்தான். பொழுதும் சீக்கிரம் இருட்டிவிடுவதால், கீழே கிடப்பது கண்ணில் படுவதில்லை.

ஆகவே குளிர்காலத்தில் நான் முதலில் சொல்லும் வேலை, வீடு திரும்பியதும் டயரைத் துணியால் துடைத்து, சக்கரத்தை மெதுவாகச் சுற்றி, ரப்பரில் பதிந்திருக்கும் சில்லுகளை ஓர் ஊக்கால் நெம்பி எடுத்துவிடுவது. அதிக நேரம் பிடிக்காத வேலைதான். ஆனால் எந்தக் கருவியும் இதற்கு ஈடாகாது. தேய்ந்த டயரை வைத்துக் குளிர்காலத்தை ஓட்டிவிட்டு, வெயில் வந்த பிறகு புது டயர் போடுவது பலருடைய வழக்கம். அது தலைகீழான கணக்கு. தடிமனான ரப்பர் தேவைப்படுவது குளிர்காலத்தில்தான்.

கேள்வி: பனியில் பிடிப்பு வேண்டுமானால் காற்றைக் குறைக்கச் சொல்கிறார் நண்பர் ஒருவர். காற்று குறைந்தால்தான் பஞ்சர் ஆகும் என்கிறார் இன்னொருவர். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: இருவர் சொல்வதும் உண்மைதான். முதலில், நீங்கள் நினைக்கும் அளவு காற்று உங்கள் டயரில் இருக்கிறதா என்று பாருங்கள். 20 டிகிரி செல்சியஸ் வெப்பமுள்ள அறையில் 4 பார் (பார் என்பது காற்றழுத்தத்தின் அலகு) அளவுக்குக் காற்று அடித்த சைக்கிளை, உறைநிலைக்கு 10 டிகிரி கீழே இருக்கும் வெளியிடத்துக்குக் கொண்டுபோனால், காற்று துளிகூடக் கசியாமலே அழுத்தம் ஏறக்குறைய 3.5 பாராகக் குறைந்துவிடும். குளிர்ந்த காற்று சுருங்குவதே காரணம். டியூபிலிருந்து இயல்பாகக் கசியும் காற்றையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். வாரக்கணக்கில் பம்பைத் தொடாதவர் மிகவும் தளர்ந்த டயரில்தான் ஓட்டிக்கொண்டிருப்பார்.

தளர்ந்த டயர் குழியின் விளிம்பிலோ பனிக்கட்டியின் முனையிலோ மோதும்போது, டியூப் அந்த விளிம்புக்கும் ரிம்முக்கும் நடுவே நசுங்குகிறது. டியூபைக் கழற்றிப் பார்த்தால், பாம்பு கடித்த தடம்போல அருகருகே இரண்டு ஓட்டைகள் தெரியும். அப்படி இருந்தால் டயரில் முள் தேட வேண்டாம், குறை காற்றில்தான். வெண்பனி குழிகளை மூடி மறைத்துவிடுவதால் இந்த வகைப் பஞ்சர் குளிர்காலத்தில் கூடுதலாகவே நேர்கிறது.

காற்றைக் குறைத்துப் பிடிப்பைக் கூட்ட விரும்பினால், சைக்கிளின் ஃபோர்க்கும் மட்கார்டும் இடம் கொடுக்கும் அளவுக்கு அகலமான டயரைப் போடுவதே சரியான வழி. அகல டயரில் காற்றின் கொள்ளளவு அதிகம் என்பதால், குறைந்த அழுத்தத்திலும் ரிம் தரை தட்டாது. ஒல்லியான டயரில் இந்தச் சோதனையே வேண்டாம். எந்த டயரானாலும் அதன் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் குறைந்தபட்ச அளவுக்குக் கீழே இறங்காதீர்கள்.

கேள்வி: இருட்டில், உறையும் குளிரில், பின்சக்கரம் பஞ்சர் ஆகிவிட்டது. விரல்கள் மரத்துப்போய் டயரைக் கழற்றவே முடியவில்லை. ஒருவழியாக ஒட்டிய ஒட்டும் சற்று நேரத்தில் பிரிந்துவிட்டது. கடைசியில் வீடுவரை தள்ளிக்கொண்டுதான் வந்தேன். வேறு என்ன செய்திருக்க முடியும்?

பதில்: வழியில் ஒட்டாமல் டியூபை மாற்றியிருக்கலாம். ஒட்டுப் பிடிப்பதற்கு, உப்புத்தாளால் தேய்த்த இடம் ஈரமில்லாமல் இருக்க வேண்டும். தடவிய சொல்யூஷன், பளபளப்பு மறையும்வரை காய வேண்டும். குளிரில் சொல்யூஷன் காய நெடுநேரமாகும். பனித்துளியோ ஈரக் கையோ பட்டால் ஒட்டுப் பிடிக்கவே பிடிக்காது. சொல்யூஷன் தேவையில்லாத, தானே ஒட்டும் ஒட்டுகளும் குளிரில் சரியாகப் பிடிப்பதில்லை. உங்கள் ஒட்டுப் பிரிந்ததற்குக் கைப்பழக்கக் குறைவு காரணமாக இருக்க வாய்ப்பில்லை. நல்ல டியூப் ஒன்றைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். ஓட்டையான டியூபை வீட்டில் சாவகாசமாக ஒட்டிக்கொள்ளலாம்.

சக்கரத்தைத் தொடுவதற்கு முன்பு உங்களைக் கவனித்துக்கொள்ளுங்கள். மிதித்து வந்த உடலில் வியர்வை இருக்கும். நின்ற சில நிமிடங்களில் அது குளிர்ந்து நடுக்கம் எடுக்கும். ஆகவே போக்குவரத்திலிருந்து விலகி, காற்று மறைவும் விளக்கு வெளிச்சமும் உள்ள இடத்துக்குச் சைக்கிளைத் தள்ளிச் சென்று, பையில் இருக்கும் மேலாடையைப் போட்டுக்கொண்ட பிறகே வேலையைத் தொடங்குங்கள். தடித்த கையுறையோடு டயரைக் கையாள முடியாது, வெறும் கையும் சீக்கிரம் மரத்துவிடும். மருத்துவமனைகளில் பயன்படுத்தும் மெல்லிய ரப்பர் கையுறை ஒரு ஜோடி பையில் இருந்தால் ஈரமும் அழுக்கும் கையில் படாது, விரல்களும் ஓரளவு இயங்கும். நெற்றியில் கட்டும் விளக்கு இருந்தால் இரண்டு கைகளும் வேலைக்குக் கிடைக்கும்.

பின்சக்கரத்தைக் கழற்றும் முன் செயினை மிகச் சிறிய பல்சக்கரத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். சக்கரம் நட்டுப் போட்டு முடுக்கப்பட்டதானால் ஸ்பேனர் வேண்டும். பெரும்பாலான பின் அச்சுகளுக்கு 15 மில்லிமீட்டர் அளவு பொருந்தும். சாலையில் தூவும் உப்பால் நட்டுத் துருப்பிடித்திருக்கக்கூடும் என்பதால், குளிர்காலம் தொடங்கும்போதே வீட்டில் ஒருமுறை கழற்றி, கிரீஸ் தடவி முடுக்கிவையுங்கள்.

புது டியூபைப் போடும் அவசரத்தில், பஞ்சர் ஆனதற்கான காரணத்தைத் தேடாமல் விட்டுவிடாதீர்கள். டயரில் நிற்கும் சில்லு புது டியூபையும் குத்திவிடும். பழைய டியூபில் காற்று அடித்து, ஓட்டை வால்விலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று பார்த்து, டயரிலும் அதே இடத்தைத் தேடுங்கள். வாளித் தண்ணீர் இல்லாத இடத்தில் டியூபை உதட்டருகே கொண்டுபோனால், கசியும் காற்று உதட்டில் படும். ஓட்டை டியூபின் வெளிப்பக்கம் இருந்தால் குற்றம் டயரில். உட்பக்கம் இருந்தால், ரிம்மின் நாடா விலகி ஸ்போக் முனையோ ஸ்போக் துளையின் விளிம்போ உறுத்தியிருக்கும். டயரின் உட்புறத்தை விரலால் தடவிப் பார்ப்பது கோடைப் பழக்கம். மரத்துப்போன விரலுக்குச் சில்லும் தெரியாது, அது கிழித்ததும் தெரியாது. துணித்துண்டு ஒன்றை உட்புறம் முழுவதும் இழுத்துக்கொண்டு போங்கள். சில்லு இருக்கும் இடத்தில் நூல் மாட்டிக்கொள்ளும்.

இனி, டயரை மறுபடி ஏற்றுவது. குளிரில் விறைத்த டயர் கடைசி ஒரு சாணில் அடம்பிடிக்கும். டியூபுக்கு வடிவம் வரும் அளவுக்கு மட்டும் சிறிது காற்று அடித்து உள்ளே வைத்து, வால்வுக்கு நேரெதிரில் தொடங்கி, இரு பக்கமாகவும் ஏற்றிக்கொண்டே வந்து வால்வு அருகில் முடியுங்கள். கடைசிப் பகுதிக்கு வந்ததும், ஏற்கெனவே ஏற்றிய பகுதி முழுவதையும் இரு பக்கமிருந்தும் பிதுக்கி, டயரின் ஓரம் ரிம்மின் நடுப்பள்ளத்தில் இறங்கும்படி செய்தால், தேவையான தளர்வு கிடைத்து, கட்டைவிரல் அழுத்தத்திலேயே ஏறிவிடும். டயர் லீவரால் நெம்பி ஏற்றினால் புது டியூபை நசுக்கும் அபாயம் உண்டு. பிளாஸ்டிக் லீவர் குளிரில் பட்டென்று ஒடியவும் செய்யும்.

உள்கியரும் (பின்சக்கரத்தின் குடத்துக்குள்ளேயே அமைந்த கியர்) செயின் மூடியும் உள்ள சைக்கிளில் பின்சக்கரத்தைக் கழற்றுவது வழியில் ஆகிற காரியம் அல்ல. குத்திய ஆணி கண்ணுக்குத் தெரிந்து, ஈரமில்லாத ஒதுக்கிடமும் கிடைத்தால், சக்கரத்தைக் கழற்றாமலே அந்த இடத்து டயரை மட்டும் விலக்கி, டியூபை வெளியே இழுத்து ஒட்டிவிடலாம். வழியில் ஒட்டலாம் என்று நான் சொல்வது இந்த ஒரு நிலையில் மட்டும்தான்.

கேள்வி: கையால் அடிக்கும் பம்புக்குப் பதிலாகச் சிறிய கரியமில வாயுக் குப்பியைப் பயன்படுத்தினேன். நொடியில் டயர் நிரம்பியது; மறுநாள் காலையில் பாதி இறங்கியிருந்தது. டியூபில் குறையா?

பதில்: பெரும்பாலும் குறை இருக்காது. கரியமில வாயு, டியூபின் ரப்பர் வழியாகச் சாதாரணக் காற்றைவிட வேகமாகக் கசியக்கூடியது. வீடு வந்ததும் அதை முழுவதும் வெளியேற்றிவிட்டுப் பம்பால் காற்று அடித்துவிடுங்கள். அதன் பிறகும் இறங்கினால் ஓட்டையைத் தேடலாம். வாயு வெளியேறும்போது குப்பி கடுமையாகக் குளிர்ந்து மேலே உறைபனி படியும் என்பதால், வெறும் கையால் பிடிக்கக் கூடாது. ஒரு குப்பி ஒரே தடவைக்குத்தான். குப்பி வைத்திருப்பவரும் பம்பு ஒன்றைக் கூடவே வைத்திருப்பது நல்லது.

கேள்வி: ஆணி பதித்த டயர், பஞ்சர் தடுப்பு டயர், டியூப் இல்லாத டயர் ஆகியவற்றில் எதை வாங்குவது?

பதில்: ஆணி டயரில் பதித்திருக்கும் டங்ஸ்டன் கார்பைடு முனைகள் வழுக்கும் பனிக்கட்டியில் பிடிப்பதற்காகவே, பஞ்சரைத் தடுப்பது அவற்றின் வேலை அல்ல. உங்கள் பாதையில் கட்டிப்பனி உறைந்து கிடக்குமானால், விழாமல் இருப்பதற்காக அதை வாங்குங்கள். வாங்கிய புதிதில் முதல் 40 கிலோமீட்டரைத் தார்ச்சாலையில் வேகமும் திடீர் பிரேக்கும் இல்லாமல் ஓட்டினால் ஆணிகள் நன்றாக அமரும்.

பாதை வெறும் ஈரமும் சரளையும் என்றால், ரப்பருக்கு அடியில் தடித்த தடுப்பு அடுக்கு கொண்ட டயர் போதும். ஷ்வால்பே நிறுவனத்தின் மாரத்தான் பிளஸ் டயரில் இந்த அடுக்கு 5 மில்லிமீட்டர் தடிமன். இத்தகைய டயர்கள் கனமானவை, உருட்டச் சற்றுச் சோம்பலானவை, ரிம்மில் ஏற்றவும் கடினமானவை. தினமும் வேலைக்குப் போகிறவர் இந்தக் குறைகளைப் பொறுத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து.

டியூப் இல்லாத டயரில் ஊற்றும் அடைப்புத் திரவம் சிறு ஓட்டைகளைத் தானாகவே மூடிவிடும்; ஆனால் அது மாதங்கள் செல்லச் செல்ல உலர்ந்துபோகும், எந்த அளவு குளிர்வரை வேலை செய்யும் என்பதும் தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும். வாங்கும்போது புட்டியில் அச்சிட்ட வெப்பநிலையைப் படித்துப் பாருங்கள். பெரிய கிழிசல் ஏற்பட்டால், திரவம் வழியும் டயருக்குள் குளிரில் டியூபைத் திணிக்க வேண்டிவரும். அதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

கேள்வி: வெளியே நிறுத்திய சைக்கிளில் காற்று அடிக்கப் போனால் வால்வு திறக்கவே இல்லை. என்ன செய்வது?

பதில்: வால்வுக்குள் புகுந்த நீர் உறைந்திருக்கிறது. சூடான தண்ணீர் ஊற்றினால் அந்த நீரும் சேர்ந்து உறையும்; வாயால் ஊதினால் மூச்சின் ஈரம் உள்ளே போகும். வால்வை விரல்களுக்கு இடையில் சிறிது நேரம் பொத்திப் பிடித்தாலே இளகிவிடும், அல்லது சைக்கிளைச் சூடான இடத்தில் கொஞ்ச நேரம் நிறுத்தலாம். பம்பின் குழாயிலும் ஈரம் தங்குவதுண்டு; வால்வில் பொருத்தும் முன் இரண்டு முறை வெறுமனே அடித்து அதை வெளியேற்றுங்கள். வால்வின் மூடியைத் தொலைத்திருந்தால் உடனே ஒன்று வாங்கிப் போட்டுவிடுங்கள்.