தோளில் உதைக்கும் துப்பாக்கி: கேட்டவர்களுக்குப் பதில்

ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று வந்து, காரைக்குடியில் பிள்ளைகளுக்கு ரைஃபிள் சுடப் பழக்கிக்கொண்டிருக்கிறேன். "துப்பாக்கி உதைப்பதைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள்" என்று போன வாரம் வாயை விட்டேன். வந்து குவிந்துவிட்டது.

கேள்வி: அண்ணே, பூர்வீகம் தேவகோட்டை, வேலை நியூசிலாந்தில். லைசென்ஸ் எடுத்து மான் வேட்டைக்குப் போகிறேன். என்னிடம் இருப்பது .300 வின்செஸ்டர் மேக்னம் என்ற பெரிய தோட்டாவைச் சுடும் ரைஃபிள். நான் 58 கிலோ ஆள். மூன்றாவது தோட்டாவுக்கே கண் தானாக மூடிக்கொள்கிறது.

பதில்: தம்பி, மூன்று தோட்டா தாங்கினீர்களே, அதுவே பெரிது.

முதலில் சின்னத் தோட்டாவுக்கான துப்பாக்கிக்கு மாறுங்கள். 3.4 கிலோ துப்பாக்கியில் .300 மேக்னம் 11.7 கிராம் குண்டை அனுப்பினால், தோளுக்கு வந்து சேர்வது சுமார் 38 ஜூல். அதே எடைத் துப்பாக்கியில் .308 தோட்டா, 9.7 கிராம் குண்டு என்றால் 20 ஜூல். .243, 6.5 கிராம் குண்டு என்றால் 12. நானே பென்சிலால் போட்ட கணக்கு. வெடிமருந்தின் அளவைப் பொறுத்துக் கொஞ்சம் ஏறும், இறங்கும். உங்கள் ஊர்ச் சிவப்பு மான் பெரிய உடம்பு. கிட்டத்தில் நின்று சரியான இடத்தில் போட்டால் .243 போதும். ஆனால் பழகுகிற ஆளுக்கு நான் 6.5 கிரீட்மோர் தோட்டாவைத்தான் சொல்வேன். 17 ஜூல் பக்கம் நிற்கும், குண்டும் கனமானது.

அடுத்தது எடை. .308 துப்பாக்கியில் அரை கிலோ கூட்டினால் 20 ஜூல் சுமார் 17.5-க்கு வரும். மலையில் அந்த அரை கிலோவை யார் சுமப்பது என்பது வேறு கதை.

தோளில் வைக்கிற கட்டையின் நீளத்தைப் பாருங்கள். விரலால் இழுக்கிற விசையிலிருந்து (டிரிகர்) கட்டையின் கடைசி வரை பதின்மூன்றரை அங்குலம் என்பது கடையில் வருகிற பொதுவான அளவு. கை குட்டையான ஆளுக்கு அது நீளம். தோள் குழியில் உட்காராமல் புஜத்து எலும்புக்கு நழுவும். அங்கே வாங்கினால் ஒரு வாரம் சட்டை போட முடியாது. குளிருக்குத் தடித்த ஜாக்கெட் போட்டுக்கொண்டே அளந்து பாருங்கள். கட்டையின் முனைக்கு நல்ல மெத்து ரப்பர் போடுங்கள். உதையின் கணக்கு அதனால் குறையாது. ஒரே குத்தாக வராமல் கொஞ்சம் பரவி வரும், அவ்வளவுதான். ஸ்கோப்புக்கும் (குறி பார்க்கிற தொலைநோக்கி) கண்ணுக்கும் நடுவே மூன்றரை அங்குலமாவது இடம் விடுங்கள், இல்லாவிட்டால் புருவம் கிழியும்.

இதையெல்லாம் விட முக்கியமானது காது. கண்ணை மூட வைப்பதில் பாதி, சத்தம். ரைஃபிள் வெடி 160 டெசிபல் அளவில் வரும். 140 போதும் காதைக் கெடுக்க. உள்ளே அடைப்பான், வெளியே மூடி, இரண்டும் போடுங்கள். உங்கள் நாட்டில் சத்தம் குறைக்கும் சப்ரஸர் சட்டப்படி வாங்கலாம். வாங்குங்கள். சத்தமும் குறையும், உதையும் குறையும்.

கடைசியாக ஒரு பயிற்சி. நண்பரைத் தோட்டா போடச் சொல்லுங்கள். நடுவில் சில பொய்த் தோட்டா (வெடிக்காதது) கலக்கட்டும், எது எப்போது வருகிறது என்று உங்களுக்குத் தெரியக் கூடாது. பொய்த் தோட்டாவில் விசை இழுக்கும்போது குழல் முனை தலை குனிந்தால், வெடிக்கு முன்பே நீங்கள் பயந்து அழுத்துகிறீர்கள் என்று அர்த்தம். பெரிய ரைஃபிளில் ஒன்று சுட்டால் சின்ன .22 ரைஃபிளில் இருபது சுடுங்கள். மேஜையில் சாய்ந்து ஒரே நாளில் நாற்பது தோட்டா சுடுகிற வீரமெல்லாம் வேண்டாம். நின்று சுடும்போது உடம்பு பின்னால் போய்க்கொடுக்கும். மேஜையில் போக இடமில்லை.

கேள்வி: டெக்சாஸிலிருந்து. குழல் முனையில் மஸில் பிரேக் (உதையைக் குறைக்கிற துண்டு) மாட்டினால் தீர்ந்துவிடாதா?

பதில்: மேக்னம் தோட்டாவில் உதை கிட்டத்தட்ட பாதி கூடக் குறையும். புகையையும் சத்தத்தையும் பக்கவாட்டில் தள்ளித்தான் அது வேலை செய்கிறது. பக்கத்தில் நிற்கிற வழிகாட்டி உங்களைத் திட்டுவார். காதை மூடுங்கள்.

கேள்வி: கானாடுகாத்தான் வீட்டில் ஐயா பர்மாவிலிருந்து கொண்டுவந்த இரட்டைக்குழல் பன்னிரண்டு போர் (12 bore) துப்பாக்கி இருக்கிறது. சும்மா சுட்டுப் பார்த்தேன், தோள் வீங்கிவிட்டது. ரப்பர் ஒட்டலாமா?

பதில்: லைசென்ஸ் யார் பேரில்? ஐயா காலமாகிவிட்டார் என்றால், வீடு பங்கு வருகிற மாதிரி லைசென்ஸ் வராது. நாளைக்கே பக்கத்துப் போலீஸ் ஸ்டேஷனிலோ லைசென்ஸ் உள்ள கடையிலோ ஒப்படைத்து ரசீது வாங்குங்கள். பிறகு கலெக்டர் ஆபீசில் மனுப் போடுங்கள்.

வீங்கியதற்குக் காரணம் இருக்கிறது. பழைய பன்னிரண்டு போரில் தோட்டா அறை 65 மில்லிமீட்டராக இருக்கும். இன்றைய 70 மில்லிமீட்டர் தோட்டா உள்ளே போகும், ஆனால் வாய் விரிய இடமிருக்காது. அழுத்தம் ஏறும், உதையும் ஏறும். குழலில் மேலெல்லாம் பாம்புத்தோல் போல வரி தெரிகிறதா? அப்படியானால் அது கருமருந்துக் காலத்துச் சரக்கு. வீட்டுப் பட்டாலையில் மாட்டி வைக்கக்கூட லைசென்ஸ் வேண்டும், சுடவே சுடாதீர்கள்.

கேள்வி: காரைக்குடிப் பக்கம் முயலுக்கு எங்கே போகலாம்?

பதில்: ஜெயிலுக்கு. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம். கொள்ளுக்குடிப்பட்டியில் வேட்டங்குடிச் சரணாலயப் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடிகூடப் போடுவதில்லை, நீங்கள் துப்பாக்கி கேட்கிறீர்கள்.

கேள்வி: பள்ளத்தூரிலிருந்து. நாங்கள் என்.சி.சி.யில் .303 சுட்டோம், பின்னால் பித்தளைத் தகடு. ரப்பரும் இல்லை, காதடைப்பானும் இல்லை. இப்போது ஆம்பளைகளுக்கு மெத்தை வேண்டுமாம்!

பதில்: ஐயா, நானும் அதே பித்தளைத் தகட்டில்தான் ஆரம்பித்தேன். அந்த ரைஃபிள் 4 கிலோ. அந்த எடைதான் நம்மைக் காப்பாற்றியது, நம் மீசை இல்லை. கேம்ப் முடிந்து குறி அட்டையில் ஓட்டையை எண்ணிய ஞாபகம் இருக்கிறதா? எத்தனை பேர் குண்டு அட்டைக்குக் கீழே மண்ணைக் கிளப்பியது? எல்லாம் பயந்து அழுத்தியதுதான்.

மறுபடி பள்ளத்தூர்: இறுக்கிப் பிடித்தால் உதைக்காது என்றுதான் எங்கள் ஹவில்தார் சொன்னார்.

பதில்: தோளோடு ஒட்டிப் பிடித்தால் இடைவெளி இருக்காது, அதனால் குத்து குறையும். அது சரி. கழுத்து நரம்பு புடைக்க இறுக்கினால் கை நடுங்கும், குறி போகும். ஹவில்தார் முதலாவதைச் சொன்னார், நாம் இரண்டாவதைச் செய்தோம்.

இன்னொருவர், கோட்டையூர்: அப்பச்சிக்கு .303 சுட்டுத்தான் காது போச்சு என்று ஆச்சி சொல்வார்.

பதில்: பள்ளத்தூர் ஐயா, படித்தீர்களா?

மறுபடி பள்ளத்தூர்: எனக்கும் கொஞ்சம் மந்தம்தான். வயசு.

பதில்: எந்தப் பக்கக் காது?

மறுபடி பள்ளத்தூர்: இடது.

பதில்: வலது தோளில் வைத்துச் சுடுகிறவருக்குக் குழல் பக்கம் திரும்பி நிற்பது இடது காது. வயசு ஒரே பக்கமாக வராது ஐயா.

கேள்வி: பத்து மீட்டர் ஏர் ரைஃபிள் பழகும் என் மகளுக்கும் ரப்பர் வேண்டுமா?

பதில்: காற்றுச் சிலிண்டர் வைத்தது என்றால் வேண்டாம். உதை என்று சொல்ல ஒன்றுமில்லை.

கேள்வி: மஸில் பிரேக் பற்றிச் சொல்லவில்லையே?

பதில்: டெக்சாஸ்காரருக்குச் சொன்னேன்.

கேள்வி: இந்தியாவில் சப்ரஸர் எங்கே கிடைக்கும்?

பதில்: கிடைக்காது. தடை செய்த சாமான். தேடவும் வேண்டாம்.

கேள்வி: மஸில் பிரேக் நல்லதா?

பதில்: மேலே.

பள்ளத்தூர்: ஞாயிற்றுக்கிழமை வந்து .22 ஒரு பத்து சுட்டுப் பார்க்கலாமா?

பதில்: ஏழு மணிக்கு வாங்க ஐயா. மூடி என்னிடம் இரண்டு இருக்கிறது.